தனிமமா, சேர்மமா, கலவையா: எதை வைத்துப் பிரிப்பது?

பாளையங்கோட்டையில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். தனிமம் (ஒரே வகை அணு), சேர்மம் (தனிமங்கள் வேதிமுறையில் சேர்ந்தது), கலவை (வெறுமனே கலந்தது) பாடத்தை நடத்த மூன்று வழி உண்டு: அணுப் படம் போடுவது, பொருளைப் பிரித்துப் பார்ப்பது, எடை விகிதத்தைக் கேட்பது. இந்த வருடம் விகிதத்தையே பிடித்துக்கொண்டேன்.

படம் பரீட்சைக்கு நல்லது, சட்டென்று பதியும். ஆனால் ஒரு பொருளைக் கையில் கொடுத்து "இது எந்த வகை?" என்றால் உதவாது.

பிரித்துப் பார்ப்பது அதைவிட மேல். தூத்துக்குடி உப்பளம் பார்த்த பிள்ளைக்குக் கடல்நீர் கலவை என்று விளக்கவே வேண்டாம். வெயிலில் தண்ணீர் போகிறது, உப்பு நிற்கிறது. சிக்கல் மயில்துத்தத்தில் (காப்பர் சல்ஃபேட்) வருகிறது. நீலப் படிகத்தைச் சூடாக்கினால் நீராவி போய் வெள்ளைத் தூள் மிஞ்சும். உப்பளத்தில் நடந்ததுதானே இதுவும் என்று பிள்ளைகள் அதையும் கலவை என்று எழுதுவார்கள். பித்தளைக் குத்துவிளக்கில் நேர்மாறு: வடிகட்டினாலும் காய்ச்சினாலும் பிரியாது, அதனால் சேர்மம் என்பார்கள்.

இரண்டையும் விகிதம் தீர்த்துவைக்கிறது: சேர்மத்தில் அது மாறாது, கலவையில் மாறலாம். சுத்தமான மயில்துத்தம் எங்கே வாங்கினாலும் 100 கிராமில் சுமார் 36 கிராம் தண்ணீர், கூடாது, குறையாது. அதனால் சேர்மம். பித்தளையில் துத்தநாகம் நூற்றுக்கு 30 இருக்கலாம், 40 இருக்கலாம். இரண்டும் பித்தளைதான், அதனால் கலவை. கடல்நீரில் கிலோவுக்குச் சுமார் 35 கிராம் உப்பு. பாத்தியில் நிற்க நிற்க அது கூடிக்கொண்டே போகும். ஆனால் அந்த உப்பைச் சுத்தம் செய்து சோடியம் குளோரைடை மட்டும் எடுத்தால் சோடியம் 39.3 பங்கு, குளோரின் 60.7 பங்கு. ராஜஸ்தான் சாம்பார் ஏரி உப்பிலும் அதே கணக்கு. பிரெஞ்சு வேதியியலாளர் ஜோசப் புரூஸ்ட் 1790-களிலிருந்து வாதாடி நிறுத்தியது இந்த மாறாத விகிதத்தைத்தான்.

செய்து காட்ட ஒரு சின்ன எலக்ட்ரானிக் தராசு போதும். மயில்துத்தம் விஷம், சூடாக்குவதை நாமே செய்ய வேண்டும்.

மேல் வகுப்புகளுக்கு நான் எடுத்ததில்லை. விகிதம் கொஞ்சம் பிசகும் இரும்பு ஆக்சைடு போன்றவை அங்கே வரும், எனவே அங்கும் இதுவே போதும் என்று சொல்லமாட்டேன்.

தனிமத்துக்கும் இந்த வழி கைகொடுக்காது. செம்பில் இருப்பது ஒன்றே ஒன்று, எதற்கு எது விகிதம்? பிரிகிறதா என்று பார்ப்பதும் அங்கே நிச்சயமில்லை. பெரிய வேதியியலாளர் லவாய்சியரே 1789-ல் போட்ட தனிமப் பட்டியலில் சுண்ணாம்பையும் வைத்திருந்தார். 1808-ல் ஆங்கிலேய வேதியியலாளர் ஹம்ஃப்ரி டேவி மின்சாரம் செலுத்தி அதிலிருந்து கால்சியத்தைப் பிரித்தார். அந்த இடம் வந்ததும் அணுப் படத்தைப் போட்டுவிடுகிறேன்.