பல் அடைப்பு: அமால்கமா, கம்போசிட்டா?

காரைக்குடியில் சொத்தைப் பல்லை அடைக்கச் செல்வோர் பலர் அமால்கம் என்னும் வெள்ளி நிற உலோகக் கலவைக்கும், கம்போசிட் என்னும் பல் நிறப் பிசினுக்கும் நடுவே தயங்குகின்றனர்.

விலை: அமால்கம் மலிவு, கம்போசிட்டுக்குச் செலவு கூடும்.

உழைப்பு: என் அப்பத்தாவின் கடைவாய்ப் பல்லில் கறுத்துப்போன அமால்கம் முப்பது ஆண்டுகளாகச் சீப்புச் சீடையைத் தாங்குகிறது; கம்போசிட் பொதுவாக அவ்வளவு காலம் நிலைப்பதில்லை.

செய்முறை: அமால்கம் ஈரத்தைச் சற்றுப் பொறுக்கும், ஆனால் பிடிப்புக்காக நல்ல பல்லையும் குடைய வேண்டும், கம்போசிட் உலர்ந்த பல்லில் ஒட்டி, நீல ஒளியில் இறுகும்.

பாதரசம்: கம்போசிட்டில் இல்லை, அமால்கத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி அதுவே. கழிவுநீரிலும் தகனப் புகையிலும் வெளியேறும் பாதரசம், நீர்நிலைகளில் மெத்தில் பாதரசம் என்னும் நச்சாகி மீன் வழியே நம் தட்டுக்கே திரும்புவதால்தான், பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு ஒப்பந்தமான 2013ஆம் ஆண்டின் மினமாட்டா உடன்படிக்கை அமால்கத்தைக் குறைக்கச் சொன்னது.

குழந்தைகளுக்கும் கருவுற்றோருக்கும் கம்போசிட்டையோ கிளாஸ் அயனோமர் என்னும் பல் நிறச் சிமெண்டையோ கேளுங்கள். உறுதியாக இருக்கும் பழைய அமால்கத்தை அஞ்சிப் பெயர்க்க வேண்டாம். பெயர்க்கும்போதுதான் பாதரச ஆவி மிகுதியாக எழும்.