பிஸ்கட் டின் நெகட்டிவ்களும் ஜிம்ப்பின் இன்வெர்ட்டும்: ஐந்து வருட அனுபவம்

பரணில் கிடந்த பிஸ்கட் டின்னில் அப்பா சேர்த்து வைத்த பிலிம் நெகட்டிவ்கள். பிரிண்ட்களில் பாதியைக் கரையான் தின்றுவிட்டது. ஐந்து வருடமாக, நேரம் கிடைக்கும்போதெல்லாம் அவற்றை ஜிம்ப் என்ற படம் திருத்தும் மென்பொருளில் படமாக்கி வருகிறேன்.

கலர்ஸ் மெனுவில் இன்வெர்ட்: நெகட்டிவின் வெளிச்சத்தையும் இருளையும் தலைகீழாகப் புரட்டும் கட்டளை. ஒவ்வொரு புள்ளியின் மதிப்பையும் 255-லிருந்து கழிக்கிறது, அவ்வளவுதான். கறுப்பு வெள்ளை நெகட்டிவுக்கு இது ஏறக்குறையப் போதும். தாத்தாவின் முகம் ஒரே சொடுக்கில் வந்து நின்றது.

கலர் நெகட்டிவ்தான் பாடாய்ப் படுத்தும். சாயங்களின் குறையை ஈடுகட்ட, பிலிமிலேயே ஓர் ஆரஞ்சு நிறத்தைச் சேர்த்திருப்பார்கள். புரட்டினால் அது நீலமாகிப் படம் முழுக்கப் படரும். அம்மாவின் கல்யாணப் புடவை கத்தரிப்பூ நிறத்தில் வந்தது. "அது அரக்குடா, கண்ணு தெரியலையா?" என்றார் அம்மா.

வழி பிடிபட ஒரு வருடம் ஆனது. இரண்டு படங்களுக்கு நடுவே ஒளி படாத வெற்றுப் பிலிம் மெல்லிய பட்டையாக இருக்கும். இன்வெர்ட் செய்த பிறகு, லெவல்ஸ் என்ற, கறுப்பு வெள்ளை எல்லைகளைத் திருத்தும் கருவியில், கறுப்பைக் குறிக்கும் ஐட்ராப்பரால் (நிறத்தைத் தொட்டு எடுக்கும் குறி) அந்தப் பட்டையைத் தொட்டால் நீலத்தில் பெரும்பங்கு வடிந்துவிடும். மிச்சத்தைச் சிவப்பு, பச்சை, நீலம் என்று சானல் சானலாக நடுக் கைப்பிடியை நகர்த்திச் சரிசெய்யலாம். லெவல்ஸில் தானாகச் சரிசெய்யும் ஆட்டோவை அமுக்குவதானால் முதலில் பிலிம் ஓரத்துத் துளைகளை வெட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் துளையையே கறுப்பு என்று எடுத்துக்கொண்டு நீலத்தை அப்படியே விட்டுவிடும்.

எரிச்சல்களும் உண்டு. போட்டோஷாப் பழக்கத்தில் கன்ட்ரோல்-ஐ அமுக்கினால் இங்கே நிறம் மாறாது, செலக்‌ஷன்தான் (தேர்ந்தெடுத்த பகுதி) தலைகீழாகும். இன்னும் ஏமாறுகிறேன். பக்கத்திலேயே லீனியர் இன்வெர்ட், வேல்யூ இன்வெர்ட் என்று இரண்டு. முன்னது படத்தை வெளுத்துத் தள்ளும். பின்னது நிறத்தைத் தொடாமல் வெளிச்சத்தை மட்டும் புரட்டும். நெகட்டிவுக்கு இரண்டுமே வேண்டாம்.

அப்புறம் ஒன்று: முதல் வருடம் மொபைலில் ஜேபெக்காக எடுத்தவை எல்லாம் வீண். ஜேபெக் 8 பிட், அதாவது ஒவ்வொரு சானலுக்கும் 256 படிகள்தான். அதில் லெவல்ஸை இழுத்தால் வானம் பட்டை பட்டையாகப் பிளந்துவிடும். 2018-இல் வந்த 2.10 பதிப்பிலிருந்தே ஜிம்ப் படிகள் மிக அதிகமான 16 பிட்டைக் கையாளும். அது தெரியாமல் உழைத்திருக்கிறேன். இப்போது நெகட்டிவுக்குப் பின்னால் பால்வெள்ளை அக்ரிலிக் வைத்து, கேமராவில் ரா கோப்பாக (சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் கோப்பு) எடுத்து, 16 பிட் டிஃப் படக்கோப்பாக மாற்றிய பிறகே ஜிம்ப்புக்குள் நுழைகிறேன்.

புடவையை மறுபடி எடுத்தேன். அரக்கு வந்துவிட்டது. "ஜரிகை ஏன் பச்சையா இருக்கு?" என்கிறார் அம்மா.