தேய்ந்த ஓட்டக் காலணிக்கு இரண்டாம் வாழ்க்கை

சிங்கப்பூரின் ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவில் பல வருடங்களாக ஓடுகிறேன். வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டு வாசல் அலமாரியில் பழைய ஷூ சேர்ந்துகொண்டே இருக்கும். குப்பைக்குழாயில் தள்ளிவிட்டால் வேலை முடிந்தது. எரியாலையில் சாம்பலாகி செமகாவ் குப்பை நிரப்பகத்துக்குப் போய்விடும். ஆனால் மேல்துணி கிழியாமல், அடி ரப்பரில் பாதி மிச்சமிருக்கும் ஷூவை எரிக்க எனக்கு மனம் வராது. அதனால் செய்து பார்த்தவற்றில் எது உதவியது, எது உதவவில்லை என்று எழுதுகிறேன்.

ஓட்டக் காலணி 500 முதல் 800 கிலோமீட்டர் வரை தாங்கும் என்பது பொதுவான கணக்கு. அதற்குள் போய்விடுவது பெரும்பாலும் நடுவில் இருக்கும் ஈவிஏ என்ற நெகிழி நுரைதான். அதிலுள்ள காற்றுக்குமிழிகள் நசுங்கி, திரும்ப எழும்பாமல் போய்விடும். ஷூவை மேசையில் வைத்துப் பின்பக்கமிருந்து பாருங்கள். குதிகால் ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தால், நுரையின் ஓரத்தில் குறுக்குச் சுருக்கங்கள் ஆழமாக விழுந்திருந்தால், அதில் ஓடுவதை நிறுத்திவிடலாம். முழங்காலே சொல்லிவிடும். ஆனால் ஓடத்தான் லாயக்கில்லை. சந்தைக்கு, அலுவலகத்துக்கு, மழை நாளில் நாயோடு நடக்க என்று இன்னும் ஒரு வருடமாவது உழைக்கும். முற்றிலும் சாகும்வரை ஓடாமல் கொஞ்சம் முன்னாலேயே நடைக்கு மாற்றிவிட்டால், ஷூவும் பிழைக்கும், காலும் பிழைக்கும்.

ரப்பர் பிரிந்தால் ஒட்டுவது வீட்டிலேயே முடியும். பழைய பசையைச் சுரண்டி எடுத்து, உப்புத்தாளால் லேசாகத் தேய்த்து, இரண்டு பரப்பிலும் பசை தடவி, விரலில் ஒட்டாத அளவுக்குக் காயவிட்ட பிறகுதான் சேர்த்து அழுத்த வேண்டும். ஈரமாக இருக்கும்போதே சேர்த்துவிடுவதுதான் நிறையப் பேர் செய்வது; இரண்டு நாளில் வாயைப் பிளந்துவிடும். பழைய சைக்கிள் டியூபை வெட்டி இறுக்கிச் சுற்றி ஒரு இரவு விட்டால் போதும். முனை கிழிந்த ஷூவை எம்ஆர்டி ரயில் நிலைய வாசலில் உட்காரும் செருப்பு தைக்கும் அங்கிளிடம் கொடுப்பேன். ஒருமுறை நுரையை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "தைக்கலாம், ஒட்டலாம். இது செத்துப்போச்சு, இதுக்கு மட்டும் மருந்து இல்லை" என்றார். அவர் சொன்னது சரி. ஓட்டக் காலணிக்கு அடிப்பாகத்தை மாற்றுவது தோல் ஷூவுக்கு மாற்றுவதுபோல அல்ல. நுரையும் ரப்பரும் அச்சில் வார்த்து ஒட்டியவை.

இந்த ஊர் ஈரத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். "நல்ல ஷூ, அப்புறம் யாருக்காவது கொடுக்கலாம்" என்று பெட்டியில் பூட்டி வைக்காதீர்கள். மலையேறும் ஷூ, சில பூப்பந்து ஷூக்களில் பாலியூரிதேன் என்ற நெகிழியாலான அடி இருக்கும். காற்றிலுள்ள ஈரம் அதை உள்ளிருந்தே சிதைக்கும். சில வருடம் கழித்து எடுத்துப் போட்டால் நாலு அடி நடப்பதற்குள் அடிப்பாகம் கருப்புத் தூளாக உதிரும். ஈவிஏ அப்படி உதிராது, ஆனால் பசை விட்டுப்போகும். கொடுப்பதென்றால் உடனே கொடுத்துவிட வேண்டும்.

யாருக்குக் கொடுப்பது? என் அனுபவத்தில் மிகச் சரியாகப் போய்ச் சேர்ந்தது வெளிநாட்டு ஊழியர் விடுதித் தம்பிகளிடம்தான். ஞாயிற்றுக்கிழமை கிரிக்கெட் ஆடுகிறவர்கள். வேலைக்குப் பாதுகாப்புக் காலணி முதலாளி கொடுத்துவிடுவார், ஆடுவதற்கு யார் கொடுப்பார்? "அண்ணே, ஒன்பதாம் சைஸ் வந்தா எனக்குச் சொல்லுங்க" என்று புதுக்கோட்டைத் தம்பி ஒருவர் முன்பதிவே செய்து வைத்திருக்கிறார். கொடுக்கும் முன் துவைத்து, நிழலில் காயவைத்து, உள்ளட்டையை மாற்றிக் கொடுப்பது மரியாதை. வெயிலிலும் உலர்த்தி இயந்திரத்திலும் போட்டால் பசை இளகும்.

அப்புறம் சேகரிப்புப் பெட்டிகள். 2021இல் டௌ என்ற வேதிப்பொருள் நிறுவனமும் அரசின் விளையாட்டு அமைப்பான ஸ்போர்ட் சிங்கப்பூரும் பழைய காலணிகளை அரைத்து விளையாட்டுத் தளங்களும் ஓடுபாதைகளும் அமைக்கும் திட்டத்தைத் தொடங்கின. நானும் போட்டிருக்கிறேன். 2023 பிப்ரவரியில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனத்தின் புலனாய்வு வந்தது. அவர்களின் செய்தியாளர்கள் 11 ஜோடிகளின் உள்ளே இருப்பிடம் காட்டும் புளூடூத் கருவிகளை ஒளித்துப் பெட்டிகளில் போட்டிருந்தார்கள். ஒன்றுகூட ஓடுபாதை ஆகவில்லை. பெரும்பாலானவை ஒரு பழையபொருள் ஏற்றுமதியாளர் வழியாக இந்தோனேசியாவுக்குப் போயிருந்தன. சிலவற்றை ஜகார்த்தாவிலும் பாத்தாம் (Batam) தீவிலும் சந்தையில் கண்டுபிடித்தார்கள். அந்த ஏற்றுமதியாளரைத் திட்டத்திலிருந்து பிறகு நீக்கினார்கள்.

என் அபிப்பிராயம் சிலருக்குப் பிடிக்காது. போடக்கூடிய ஷூவை அரைப்பதைவிட பாத்தாமில் ஒருவர் அதைப் போட்டு நடப்பதே மேல். ஆனால் ஓடுபாதை ஆகும் என்று சொல்லி வாங்கிவிட்டு விற்பது வேறு விஷயம். அதுவும் பழைய துணி, காலணி இறக்குமதியை 2015இலேயே தடை செய்த நாட்டுக்கு.

அரைப்பது ஏன் கடைசி வழி என்பதற்கும் காரணம் இருக்கிறது. 2013இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஓர் ஓட்டக் காலணியைப் பிரித்துப் பார்த்தபோது 65 பாகங்கள், 360க்கும் மேற்பட்ட செய்முறைப் படிகள். ஒரு ஜோடிக்குச் சுமார் 14 கிலோ கரியமில வாயு; அதில் பெரும்பங்கு தயாரிப்பிலேயே வெளியாகிவிடுகிறது. ரப்பரையும் ஈவிஏவையும் உருக்கி மறுபடி ஷூ ஆக்க முடியாது, வேதிப் பிணைப்பு அப்படி. அதனால்தான் 1990களின் தொடக்கத்தில் பழைய ஷூ திட்டத்தைத் தொடங்கிய நைக்கி, ரப்பர், நுரை, துணி என்று மூன்றாகப் பிரித்து அரைத்து ஓடுதளத்துக்கும் கூடைப்பந்துக் களத்துக்கும் தரை மெத்தைக்கும் கொடுத்தது. 2019இல் அடிடாஸ் பசையே இல்லாமல், முழுக்க டிபியு என்ற உருக்கக்கூடிய நெகிழி ஒன்றாலேயே செய்த ஷூவை அறிவித்தது. திருப்பிக் கொடுத்தால் உருக்கி மறுபடி ஷூ. யோசனை அருமை, ஆனால் நான் ஓடும் கூட்டத்தில் ஒருவர் காலிலும் அதைப் பார்த்ததில்லை.

இப்போது என் வழக்கம் இதுதான். நடைக்கும் உதவாமல் போன ஜோடியின் வாரை (லேஸை) கழற்றி வைத்துக்கொள்வேன். வார்கள் எல்லாவற்றையும்விட நீண்ட ஆயுள் உள்ளவை, செடி கட்டவும் பை கட்டவும் ஆகும். ஒரே ஒரு வாரை விட்டுவைத்து இரண்டு ஷூவையும் சேர்த்துக் கட்டி, அரவைக்குச் சேகரிக்கும் பெட்டியில் போடுவேன். தனித்தனியாகப் பிரிந்தால் ஜோடி சேர்ப்பது அங்கே பிரிக்கிறவர்களுக்குத்தான் தலைவலி. உலோக ஆணி வைத்தவற்றை அரவைத் திட்டங்கள் வழக்கமாக ஏற்பதில்லை, போடும் முன் பெட்டியில் எழுதியிருப்பதைப் படித்துவிடுங்கள்.