‘எனக்கு மட்டுந்தானோ’ என்று நினைப்பவர்களுக்கான ஞாயிறு வட்டம்: ஒரு மதிப்பீடு

யாழ்ப்பாணத்தில் நல்லூர்ப் பக்கம் ஒரு வீட்டின் மேல்மாடியில், உளவளத்துணையில் பயிற்சி பெற்ற ஓர் அம்மையார் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல்களில் ஒரு சிறு குழுவை நடத்தி வருகிறார். தாம் மற்றவர்களைப் போன்றவர் அல்லர், எந்தக் கூட்டத்திலும் ஒட்டாதவர் என்ற உணர்வோடு வாழ்பவர்களுக்கென்றே அது நடத்தப்படுகிறது. வருகிறவர்களின் அடையாளம் வெளியே தெரிந்துவிடக்கூடும் என்பதால் இடத்தையும் ஆட்களையும் பெயர் சொல்லி எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார்கள். கட்டணம் மிகக் குறைவு, இயலாதவர்களிடம் வாங்குவதில்லை. சேர விரும்புகிறவரோடு முதலில் தனியாகப் பேசி, தூக்கமின்மை, நீண்ட நாள் சோர்வு, உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் போன்றவை இருப்பின் குழுவில் சேர்க்காமல் மருத்துவமனையின் உளநலப் பிரிவுக்கு அனுப்புகிறார்கள். 1926 என்ற தேசிய உளநலத் தொலைபேசி இலக்கத்தையும் கையில் எழுதிக் கொடுக்கிறார்கள். இது சிகிச்சை அன்று என்று தொடக்கத்திலேயே தெளிவாகச் சொல்லிவிடுவது எனக்குப் பிடித்திருந்தது.

வட்டத்தின் உயிர் ஒரு துண்டுக் கடதாசியில் இருக்கிறது. ‘இது எனக்கு மட்டுமே உள்ளது’ என்று நம்பும் ஒன்றை ஒவ்வொருவரும் பெயரின்றி எழுதி மடித்துக் கொடுக்க, அம்மையார் அவற்றைக் கலந்து ஒவ்வொன்றாக வாசிக்கிறார். அதே உணர்வு தமக்கும் உண்டு என்பவர்கள் கண்ணை மூடியபடி கையை உயர்த்த வேண்டும். பின்னர் எண்ணிக்கை மட்டும் சொல்லப்படும். அங்கே வாசிக்கப்பட்டவற்றை வெளியே சொல்வதில்லை என்பது உடன்பாடு. ஆனால் என்னுடைய துண்டைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை உண்டு: கலியாண வீடுகளில் எல்லாரும் மகிழ்ச்சியாக இருக்கும்போது நான் மட்டும் எப்போது வெளியேறலாம் என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று எழுதியிருந்தேன். பாதிக்கு மேற்பட்டவர்கள் கையை உயர்த்தியிருந்தார்கள்.

இதற்குப் பின்னால் உள்ள ஆய்வுகளை அவர் எளிமையாக விளக்கினார். டேல் மில்லரும் கேத்தி மெக்ஃபார்லண்டும் 1987இல் வெளியிட்ட ஆய்வில், வேண்டுமென்றே குழப்பமாக எழுதப்பட்ட கட்டுரை ஒன்றை மாணவர்களிடம் வாசிக்கக் கொடுத்து, விளங்காவிட்டால் வந்து கேட்கலாம் என்றார்கள். கேட்பதற்கு மாணவர்கள் தயங்கினார்கள். தன் தயக்கத்துக்குக் காரணம் வெட்கம் என்று அறிந்திருந்த அதே மாணவர், மற்றவர்களின் மௌனத்துக்குக் காரணம் அவர்களுக்கு விளங்கிவிட்டது என்றே எண்ணினார். நூற்றுக்கணக்கானோர் நெருங்கியமர்ந்திருக்கும் ரியூட்டரி வகுப்பில், ‘விளங்கிச்சோ?’ என்று ஆசிரியர் கேட்க மண்டபமே அமைதியாக இருந்ததை அனுபவித்த எவருக்கும் இதற்கு வேறு சான்று வேண்டியதில்லை. நம்முடைய உள்ளத்தை நாம் உள்ளிருந்து பார்க்கிறோம். மற்றவரின் முகத்தை மட்டும் பார்க்கிறோம். இரண்டையும் ஒப்பிட்டால் வேறுபாடு தெரியாமல் இருக்க முடியாது. அந்த ஒரு பிற்பகலுக்காகவே இந்த வட்டத்துக்குப் போகலாம் என்பேன்.

அடுத்து வந்த பாடத்தில் எனக்கு உடன்பாடில்லை. தாமஸ் கிலோவிச் முதலானோர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், சங்கடமான படம் பொறித்த ரீசேட் ஒன்றை அணிந்து மற்றவர்கள் இருந்த அறைக்குள் நுழைந்த மாணவர்கள், ஏறத்தாழப் பாதிப் பேர் அதைக் கவனித்திருப்பார்கள் என்று மதிப்பிட்டார்கள். உண்மையில் கவனித்தவர்கள் கால் பங்கினரே. ஆகவே ‘உங்களை எவரும் அவ்வளவாகக் கவனிப்பதில்லை’ என்பது அம்மையார் தரும் ஆறுதல். ஒருவரையொருவர் சரியாக அறியாத அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர்களுக்கு இது பொருந்தலாம். ‘ஆற்றை பிள்ளை, எந்தப் பகுதி?’ என்ற கேள்வி வாசலிலேயே வரவேற்கும் ஓர் ஊரில், அந்தக் கேள்வியின் உள்ளே சாதி குறித்த விசாரணையும் ஒளிந்திருக்கும்போது, கவனிக்கப்படுகிறோம் என்ற உணர்வு முழுவதும் மனப்பிரமை அன்று. முப்பது வயது கடந்து திருமணம் செய்யாத பெண்ணை ஒழுங்கை முழுவதும் கவனிக்கத்தான் செய்கிறது. இதை நான் சொன்னபோது அவர் மறுக்கவில்லை. அடுத்த தாளுக்குப் போய்விட்டார்.

சொலமன் ஆஷின் கோட்டுச் சோதனையை மட்டும் இன்னும் விரிவாகப் பேசியிருக்கலாம். காட்டப்பட்ட கோட்டின் நீளமே உள்ள மற்றொரு கோட்டைச் சுட்டச் சொல்லி 1950களில் அவர் நடத்திய அந்தச் சோதனைகளில், நடிப்பதற்கென அமர்த்தப்பட்ட மற்ற அனைவரும் பிழையான கோட்டைச் சரியென்று சொல்லும்போது, உண்மையான பங்கேற்பாளர் அவர்களுடைய பிழையோடு ஒத்துப்போவது மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலாக இருந்தது. ஆனால் கூட்டத்தில் ஒரே ஒருவர் சரியான விடையைச் சொன்னால் அது ஏறத்தாழ 5 சதவீதமாகக் குறைந்தது. பெரும்பான்மையை மாற்ற வேண்டியதில்லை, அருகில் ஒருவர் இருந்தால் போதும் என்ற இந்தச் செய்திதான் இப்படியொரு வட்டம் இருப்பதற்கே நியாயம். அதை ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டார்கள்.

மெரிலின் புரூவர் 1991இல் முன்வைத்த கருத்தும் கைத்தாளில் இருந்தது: மனிதருக்குச் சேர்ந்திருக்கும் தேவையும் தனித்துத் தெரியும் தேவையும் ஒருங்கே உண்டு, ஒன்று மிகுந்தால் மற்றது பசிக்கும். தோழிமார் எல்லாரும் ஒரே நிறச் சேலை கட்டி, சட்டையின் தையலை மட்டும் ஆளுக்கொரு விதமாகத் தைத்துக்கொள்வதை அம்மையார் எடுத்துக்காட்டியபோது அறையில் நல்ல சிரிப்பு எழுந்தது.

என் முதன்மையான குறை இதுதான். வேறுபாட்டு உணர்வு முழுவதையும் ஒரு தவறான கணிப்பாகவே இந்த வட்டம் நடத்துகிறது. கலியாண வீட்டில் சலிப்படையும் என் போன்றவருக்கு அது சரி. ஆனால் 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் பல ஆண்டுகளின் பின் திரும்பிவந்த முஸ்லிம் குடும்பத்தவருக்கு, வன்னியில் இறுதிப் போரைக் கடந்துவந்து இங்கே வாடகைக்கு இருப்பவருக்கு, ஊரே வெளிநாடு போக இங்கேயே நிற்கும் இளைஞருக்கு, ‘எல்லாரும் உங்களைப் போலத்தான்’ என்பது ஆறுதலாக இராது. அவர்கள் கண்டதை மறுப்பதாகவே படும். சமூகவியலாளர் எர்விங் கோஃப்மன் 1963லேயே, களங்கம் என்பது ஒருவரின் உள்ளத்தில் மட்டும் இருப்பதன்று, சமூகம் அவரை நோக்கும் விதத்திலேயே பிறக்கிறது என்று விளக்கிவிட்டார். இவ்வளவு தூரம் போகவும் வேண்டியதில்லை: யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் உளமருத்துவப் பேராசிரியராக இருந்த தயா சோமசுந்தரம், போர் தனிமனிதரை மட்டுமன்றிக் குடும்பத்தையும் சமூகத்தையும் சேர்த்தே காயப்படுத்துகிறது என்று இந்த மண்ணை வைத்தே எழுதியிருக்கிறார். கைத்தாளில் அவர் பெயர் இல்லை. அமெரிக்க மாணவர்கள் மட்டும் இருந்தார்கள்.

மாடிப்படியையும் சொல்லத்தான் வேண்டும். போரில் காலை இழந்தவர்கள் எத்தனையோ பேர் வாழும் மாவட்டத்தில், ஒட்டாத உணர்வைப் பேசும் கூட்டத்தைக் கைப்பிடி ஆடும் செங்குத்தான படிக்கு மேலே வைத்திருக்கிறார்கள். கீழ் விறாந்தை விசாலமாகவே இருக்கிறது. அங்கே மோட்டார் சைக்கிள்கள் நிற்கின்றன.

மற்றவை நன்று. குறித்த நேரத்துக்குத் தொடங்குகிறார்கள், எவரையும் பேசும்படி வற்புறுத்துவதில்லை, இடையில் இஞ்சி போட்ட தேநீர் தருகிறார்கள். கூச்சம் மிகுந்தவர்கள், புதிதாகப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர்கள், வீட்டில் எல்லாரும் இருந்தும் தனித்திருப்பதாக உணர்பவர்கள் தயங்காமல் போகலாம். வேறுபாட்டின் காரணம் வெளியே, கண்ணுக்குத் தெரியும்படி இருப்பவர்கள் தனியான உளவளத்துணையை நாடுவதே நல்லது. நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களும் வீதிகள் மூடப்படுவதால் வட்டம் நடப்பதில்லை. அதற்குப் பின் புதிய குழு தொடங்கும்போது கீழ் விறாந்தைக்கு மாற்ற முடியுமா என்று கேட்டிருக்கிறேன். வீட்டுக்காரரிடம் பேசிப் பார்ப்பதாகச் சொன்னார்கள்.