கடினமான பேச்சுக்கு ஒத்திகை: நண்பரா, நடிகரா, மெய்நிகர் பாத்திரமா?

என் பொறுப்பில் பணியாற்றும் ஒருவரிடம் அவருடைய வேலையின் தரம் குறைந்துவிட்டது என்று சொல்ல வேண்டியிருந்தது. முதல் முறை நான் சுற்றி வளைத்துப் பேசி, இடையிடையே பாராட்டையும் கலந்துவிட்டதால், அவர் தன்னைப் பாராட்டவே அழைத்திருக்கிறேன் என்று எண்ணி நன்றி கூறிவிட்டுச் சென்றார். இரண்டாம் முறை அப்படி நேரக் கூடாது என்பதால் ஒத்திகை பார்க்க முடிவு செய்தேன். நண்பரை எதிரில் அமர்த்திக்கொள்வது, பயிற்சி பெற்ற நடிகருடன் பேசிப் பார்ப்பது, செயற்கை நுண்ணறிவு இயக்கும் மெய்நிகர் பாத்திரத்துடன் பழகுவது ஆகிய மூன்றையும் முயன்ற பிறகு, பெரும்பாலும் மூன்றாவதிலேயே நின்றுவிட்டேன்.

நண்பரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. செலவில்லை, எப்போது வேண்டுமானாலும் கிடைப்பார், ஆனால் நம்மீதுள்ள அன்பினால் விட்டுக்கொடுப்பார். நடிகருடன் செய்யும் பயிற்சி வேறு தரத்தது. நரம்பியல் மருத்துவர் ஹாவர்ட் பாரோஸ் 1963-இல் தென் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் நோயாளியாக நடிக்க ஒருவரைப் பழக்கி மாணவர்களுக்குப் பயிற்சியளித்தார். அந்த முறை வளர்ந்து 2004 முதல் 2020 வரை அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வின் ஒரு பகுதியாகவே இருந்தது. நடிகரிடம் எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு மணி நேரம்தான் என்பதால் தீர்ப்புச் சொல்லத் தயங்குகிறேன். ஆயினும், "நீங்கள் கண்ணைத் தாழ்த்திக்கொண்ட கணத்தில் எனக்கு உங்கள்மீதிருந்த நம்பிக்கை போய்விட்டது" என்று அவர் இறுதியில் கூறியதைப் போன்ற ஒன்றை எந்தத் திரையும் எனக்குச் சொன்னதில்லை.

இனி மெய்நிகர் பாத்திரத்துக்கு வருகிறேன். 2014-இல் வெளியான ஓர் ஆய்வில், திரையில் நேர்காணும் உருவம் தானே இயங்குகிறது என்று நம்பியவர்கள், அதைப் பின்னிருந்து ஒரு மனிதர் இயக்குகிறார் என்று நம்பியவர்களைவிடக் குறைந்த அச்சத்துடன் தம்மைப் பற்றிப் பேசினார்கள். மெல் ஸ்லேட்டரும் உடன் ஆய்வாளர்களும் 2002-இல் வெளியிட்ட மற்றோர் ஆய்விலோ, வெறுப்புக் காட்டும் மெய்நிகர் அவையினர் முன் பேசியவர்கள், எதிரே இருப்பவை வெறும் உருவங்களே என்று அறிந்திருந்தும் பதற்றம் அடைந்தார்கள். பழிக்கப்படுவோம் என்ற அச்சம் குறைவாகவும், உடல் உணரும் பதற்றம் உண்மையாகவும் இருக்கும் இடம் பயிற்சிக்கு மிகவும் ஏற்றது.

ஆனால் என் முடிவைத் தீர்மானித்தது, தடுமாறிய அதே இடத்துக்குத் திரும்பிப் போக முடிந்ததுதான். குறையைச் சொல்லி முடித்ததும் எதிராளி, "இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை?" என்று கேட்பார். அங்கே நான் ஒவ்வொரு முறையும் என்னை நியாயப்படுத்திக்கொண்டு நீளமாகப் பேசினேன். நண்பரிடம் மூன்றாம் முறையே அந்தக் கேள்வி தன் கூர்மையை இழந்தது, ஐந்தாம் முறை இருவரும் சிரித்துவிட்டோம். நடிகரால் அதே கூர்மையுடன் கேட்க முடியும், ஆனால் அவருடைய நேரத்துக்கு ஒரு கணக்கு உண்டு. மெய்நிகர் பாத்திரத்திடம் ஒரே மாலையில் 14 முறை அந்தக் கேள்விக்குத் திரும்பினேன். அது சலிக்கவில்லை, என் முந்தைய தவறை மனத்தில் வைத்துக்கொண்டு பேசவுமில்லை. ஒன்பதாம் முறையளவில்தான், "முன்பே சொல்லியிருக்க வேண்டும், அது என் தவறு" என்ற ஒரே வரி போதும் என்பது விளங்கியது. அதை அறிவுரையாகக் கேட்டிருந்தால் என் நாவில் தங்கியிருக்காது.

இதற்குச் சில முன்னேற்பாடுகள் தேவை. இத்தகைய பாத்திரங்கள் இயல்பாகவே இணங்கிப் போகும் போக்குடையவை. ஆகவே, குறிப்பான ஓர் எடுத்துக்காட்டை நான் சொல்லும்வரை ஒப்புக்கொள்ளக் கூடாது என்று முதலிலேயே எழுதிக் கொடுத்தேன். நடித்த பாத்திரத்திடமே மதிப்பீடு கேட்டபோது பாராட்டு மட்டுமே வந்ததால், உரையாடலைச் செயற்கை நுண்ணறிவிடமே தனியாகப் புதிய பக்கத்தில் இட்டு, நான் எங்கே மழுப்பினேன் என்று மட்டும் கேட்டேன். பாதுகாப்பான பயிற்சி என்று சொல்லும்போது நாம் நம்முடைய வெட்கத்தை மட்டுமே நினைக்கிறோம். எதிராளியின் உண்மைப் பெயரையும் விவரங்களையும் அங்கே எழுதாமலிருப்பதும் பாதுகாப்பில் சேர்ந்ததே.

ஒன்றில் மட்டும் இது என்னைக் கைவிட்டது. கடினமான செய்தியைச் சொன்ன பிறகு மௌனமாக இருக்கப் பழக வேண்டும். நான் பயன்படுத்திய குரல்வழிக் கருவியோ, இரண்டு நொடி அமைதி நிலவினாலே என் முறை முடிந்ததாகக் கொண்டு பேசத் தொடங்கியது. எழுத்துவழி உரையாடலில் மௌனம் என்பதே இல்லை. தலையில் அணியும் மெய்நிகர் கருவியை நான் ஒரே ஒரு முறைதான் அணிந்திருக்கிறேன், அதில் இக்குறை எந்த அளவுக்குத் தீர்கிறது என்று அந்த அனுபவத்தை வைத்துச் சொல்ல இயலாது. அதனால் கடைசி ஒத்திகைக்கு நண்பரிடமே திரும்பினேன், இம்முறை அவர் ஒன்றும் பேசாமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தால் போதும் என்று கேட்டுக்கொண்டேன்.

உண்மையான சந்திப்பில், நான் 14 முறை பழகிய கேள்வியை அவர் கேட்கவேயில்லை. நெடுநேரம் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார், நானும் பேசாமல் காத்திருந்தேன். பிறகு, எந்த வேலையிலிருந்து திருத்தத் தொடங்கலாம் என்று கேட்டார்.