ஆலந்தூர் வழியா, ஒராங்கி வழியா?

எங்கள் தெருவில் பாதாளச் சாக்கடைக் குழாய் பதித்து, தோண்டிய ரோட்டை மூடிய பிறகுதான் விஷயம் தெரிந்தது: நாலு வீட்டுக் கழிவறைக் குழாய், வாசலில் கட்டிய சேம்பரைவிட (வீட்டுக் குழாய் வந்து சேரும் தொட்டி) தாழ்வில் இருக்கிறது. வேலூரில் மலையடிவாரத்துத் தெருவில் பத்தடிக்கு ஒரு மேடு, ஒரு பள்ளம். மழைத் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று முனை டீக்கடையில் கேட்டிருந்தாலே சொல்லியிருப்பார்கள்.

சரி, மக்களைச் சேர்த்துக்கொண்டு செய்தவர்கள் எப்படிச் செய்தார்கள்?

சென்னைக்குப் பக்கத்தில் ஆலந்தூர் அப்போது தனி நகராட்சி. 1990களின் கடைசியில் அங்கே பாதாளச் சாக்கடை வந்தபோது, வீட்டுக்கு 5,000 ரூபாய் முன்பணம் கேட்டார்கள். நகராட்சித் தலைவர் ஆர்.எஸ். பாரதியும் குடியிருப்போர் சங்கங்களும் மக்களிடம் பேசிப் பேசி வசூலித்தார்கள். காசு கொடுத்தவன் சும்மா இருப்பானா? வேலை எங்கே நிற்கிறது என்று கேட்டுக்கொண்டே இருப்பான். அதுதான் இந்த வழியின் பலம். ஆனால் முன்பணம் கட்டுவது வீட்டுக்காரர். குடியிருப்பவருக்குப் பேச்சு குறைவு. ஆஸ்பத்திரியைச் சுற்றி லாட்ஜும் வாடகை அறையுமாக நிறைந்த நம் ஊரில் இது சின்ன விஷயமில்லை. தண்ணீர் அதிகம் புழங்குவது அங்கேதான்.

பாகிஸ்தானில் கராச்சியின் ஒராங்கி பகுதியில் 1980-இல் சமூக சேவகர் அக்தர் ஹமீத் கான் தொடங்கிய திட்டம் வேறு மாதிரி. இருபது முப்பது வீடு கொண்ட ஒரு சந்து. அந்தச் சந்துக்காரர்களே பணம் போட்டு, ஆளை நிறுத்தி, குழாய் பதித்தார்கள். அளவெடுப்பதும் வரைபடமும் ஆலோசனையும் மட்டும் திட்டத்தாருடையது. கான்ட்ராக்டர் இல்லாததால் செலவு பெருமளவு குறைந்தது. தன் வாசல் மட்டம் தனக்குத் தெரியாதா? எங்கள் தெருவில் நடந்த கோளாறு அங்கே நடப்பது கஷ்டம்.

ஆனால் சந்துக் குழாய் போய்ச் சேர்ந்தது பெரும்பாலும் திறந்த ஓடைகளில். அதை இங்கே அப்படியே செய்தால் நிக்கல்சன் கால்வாய் வழியாகப் பாலாற்றில்தான் விழும். தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றுப் படுகையைக் கெடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பு சொன்ன ஊர்ப்பக்கம் இது. இன்னொன்று, சரிவு பிசகினால் அடைப்பு. அடைத்தால் யாரையாவது உள்ளே இறக்கப் பார்ப்பார்கள். கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013 சட்டம், பாதுகாப்புக் கவசம் இல்லாமல் ஆளை இறக்குவதைத் தடை செய்தும் சாவுகள் நிற்கவில்லை. பிரதானக் குழாயையும் சுத்திகரிப்பையும் மாநகராட்சிதான் பார்க்க வேண்டும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஆகவே ஒராங்கியிலிருந்து உழைப்பை வாங்க வேண்டாம், சந்துக்காரன் அறிவை வாங்கலாம். காசு விஷயத்தில் ஆலந்தூர், ஆனால் தவணையில்.

கேட்பதற்கு இடமும் இருக்கிறது. 2022 முதல் வார்டுக்குள் பகுதி சபா, அதாவது அந்தப் பகுதி மக்கள் கூடிப் பேசும் கூட்டம், உண்டு. வேலூரில் வார்டு 60. டெண்டர் முடிந்த பின் கூட்டினால் அது மனு வாங்கும் கூட்டம்தான். டெண்டருக்கு முன்னால் வரைபடத்தைத் தெருச் சுவரில் ஒட்டி, ஒவ்வொரு வாசலிலும் மட்டம் பார்த்துக் குறித்திருந்தால் எங்கள் தெருவுக்கு ஒரு பகல் வேலை.

இப்போது அந்த நாலு வீட்டுக்கும் பழைய செப்டிக் டேங்க்தான். புதுக் குழாயின் மேலேயே லாரியை நிறுத்தி உறிஞ்சிக்கொண்டு போகிறார்கள்.