சிம்மக்கல் மாடி ஆங்கில வகுப்பு: 'ஸ்கோல்டு' மட்டும் போதாது

கப்பலூர் மில்லுல சூப்பர்வைசரா இருக்கேன். யாரைக் கண்டிச்சாலும் ரிப்போர்ட்டுல 'ஸ்கோல்டு'னுதான் எழுதுவேன். இந்த சாயங்கால வகுப்புக்கு வந்த பிறகுதான் வித்தியாசம் புரிஞ்சது. பதமா கடிஞ்சா 'சைடு'. நிர்வாகம் முறைப்படி கண்டிச்சா 'ரெப்ரிமாண்ட்'. கோபத்துல விடாம வறுத்தெடுத்தா 'பெரேட்'. 'லாம்பேஸ்ட்'டுக்குப் பழைய அர்த்தமே அடிச்சு வெளுக்கிறது. இப்போ பேச்சாலயும் எழுத்தாலயும் விளாசுறதுக்குச் சொல்றாங்க. டீச்சரம்மா ஒவ்வொண்ணுக்கும் வையிறது, ஏசுறதுன்னு நம்ம ஊர்ச் சொல்லைப் பக்கத்துல வச்சுக் காட்டினாங்க, அதான் மனசுல நின்னுச்சு. லேட்டா வந்த புதுப் பையனுக்கு 'ரெப்ரிமாண்ட்'னு எழுதி வச்சிருந்த கடிதத்தை அன்னைக்கே கிழிச்சேன். நான் வாயால சொன்னதே அவனுக்குப் போதும். மாசம் 900 ரூபாய். ஃபேன் ஒண்ணுதான், வேர்க்குது. அடுத்த மாசத்துக்கும் கட்டிட்டேன்.